மயில்கழுத்துக் கலரில் ஒரு கம்ப்யூட்டர்

பெயின்டில் கலக்கும் தின்னர் வாசனை மூக்கில் ஏறினால் போதும்... ஜவ்வாது மலையிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கும் அந்த பஸ் ஞாபகம் வந்துவிடும்.

எண்பதுகளின் கடைசி. என் மடியில் பழைய பெட்ஷீட் சுற்றிய ஒரு தகர மூடி. ஒவ்வொரு வளைவிலும் அதை இறுக்கி அணைத்துக்கொள்கிறேன். கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா அது, இப்டி கட்டிப் புட்ச்சிக்கினு வர்றே?"

"கம்ப்யூட்டர் மூடிங்க. பெயின்ட் அட்ச்சிக்கினு வர்றேன்."

"மூடிக்கே இவ்ளோ சீராட்டா? அப்ப உள்ள கீறது மகாராணிதான்!"

பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

அப்போது நான் ஆலங்காயத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் டீச்சர். வேலூருக்குப் போய் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த கையோடு, முதலாளி சாரை நச்சரித்து, ஒரு தோல் கம்பெனி கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை வாங்க வைத்திருந்தேன். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பார்க்கச் சகிக்காது. மூடி முழுக்கத் துரு, மேலே டீ கிளாஸ் வைத்த வட்டங்கள். வந்து எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் டைப்ரைட்டிங்கிலேயே சேர்ந்துவிட்டுப் போனார்கள்.

சார் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "விஜயதசமி அட்மிஷன் வரைக்கும் பாப்பேம்மா. அன்னிக்கும் யாரும் சேரலன்னா வித்துட்றேன்."

மறுபடியும் காலை முதல் மாலை வரை அந்த ஏ எஸ் டி எஃப் தானா? படித்த படிப்பெல்லாம் அவ்வளவுதானா? பெயின்ட் அடித்தே தீர்வது என்று முடிவு செய்தேன்.

ஆயுத பூஜை நெருங்கும்போது எந்தப் பெயின்டராவது சும்மா இருப்பாரா? லாரி, டிராக்டர், மாவு மிஷின் என்று ஊரே வரிசையில் நின்றது. மலைமேல் ஜமுனாமரத்தூரில் ஜீப்புகளுக்கு ஸ்ப்ரே அடிக்கும் சின்னசாமி அண்ணன் ஒருவர்தான் "எட்த்துக்கினு வாம்மா" என்றார்.

கலர் பெயரெல்லாம் சொல்லவில்லை. மேட்சிங் துணி எடுக்கப் போவதுபோல, மூடியோடு என் பட்டுப்புடவை பிளவுஸையே கொண்டுபோய் நீட்டினேன். மயில்கழுத்துக் கலர், அரக்கு பார்டர்!

அண்ணன் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்டி பாத்தா பச்ச, அப்டி பாத்தா நீலம். பெயின்ட்ல எப்டிம்மா வரும்?"

கலக்கினார். ஒரு தகரத் துண்டில் அடித்தார், துடைத்தார், மறுபடி கலக்கினார். கடைசியில் நீலத்தின் மேல் பச்சையைப் பனி மாதிரி லேசாகத் தூவினார் பாருங்கள்... நான் கத்தியே விட்டேன். "அண்ணா, இதேதான்!"

அடுத்த தடவை போனபோது, சாமை காயவைக்கும் பாறைமேல் மூடி காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் அரக்குக் கோடு. தடவினால் கண்ணாடி. ஒரு சொட்டை இல்லை, ஓட்டை இல்லை.

"சைடுல கோடு கோடா ஓட்டயா கீதுமா. எல்லாம் பட்டி வெச்சித் தேச்சிட்டேன்" என்றார் பெருமையாக.

நானும் வாயெல்லாம் பல்லாகத்தான் வாங்கிக்கொண்டேன். அழகு கண்ணை மறைத்துவிட்டது.

ஆயுத பூஜையன்று மூடியை மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்தோம். அன்றைக்கு எதையும் ஓட்டக் கூடாதே... விஜயதசமி காலையில்தான் ஸ்விட்ச் போட்டேன்.

கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். சின்னசாமி அண்ணனும் தன் கைவேலையைக் காட்ட மனைவியோடு மலையிறங்கி வந்திருந்தார். "டிவிப் பொட்டியவிட ஷோக்கா கீதே!" என்று ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். சொன்ன பெயரையெல்லாம் அடித்துக் காட்டினேன். திரையில் பச்சை எழுத்து ஓட ஓட ஒரே கைத்தட்டல்.

திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. எந்தக் கீயை அழுத்தினாலும் அசையவில்லை.

சார் என்னைப் பார்த்தார். சின்னசாமி அண்ணன் மூடியில் வைத்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அய்யோ, இன்னா இந்த சூடு கொதிக்குது!"

அப்போதுதான் உறைத்தது. அவர் அடைத்தது காற்றுப் போகிற வழி. ஸ்விட்சை அணைத்து, ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, அத்தனை பேர் முன்னாலும் மூடியைக் கழற்றி நாற்காலியில் வைத்தேன். உள்ளே குப்பென்று சூடு. டேபிள் ஃபேனைத் திருப்பி விட்டேன். அண்ணன் தலை நிமிரவேயில்லை.

கொஞ்சம் ஆறியதும் சாமியை வேண்டிக்கொண்டு ஸ்விட்ச் போட்டேன்... ஓடியது! அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

கூட்டம் இப்போது மேலும் நெருங்கியது. உள்ளே சுற்றுகிற ஃபேன், வயர்கள், பச்சைப் பலகையில் குட்டிக் குட்டிச் சில்லுகள்... "இது இன்னா, அது இன்னா?" என்று ஒரே கேள்வி. நான் சொல்லச் சொல்ல வாய் பிளந்து கேட்டார்கள்.

சின்னசாமி அண்ணன்தான் முதலில் முன்னால் வந்தார். "எம்பேர எழுதிக்கோங்க டீச்சரம்மா. எத அடைக்கலாம், எத அடைக்கக் கூடாதுன்னு கத்துக்கினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்குப் பின்னாலேயே ஒவ்வொருவராகப் பெயர் கொடுத்தார்கள். சார் விற்கிற பேச்சையே எடுக்கவில்லை. நான் கம்ப்யூட்டர் டீச்சரானது அன்றைக்குத்தான்.

மூடியை அண்ணனே திரும்பக் கொண்டுபோய், அடைத்த காற்று வழியெல்லாம் திறந்து, அரக்கில் அழகாகக் கோடிட்டுத் தந்தார். ஞாயிறு தவறாமல் மலையிறங்கி வகுப்புக்கு வருவார். உட்கார்ந்ததும் அந்தப் பச்சை எழுத்துத் திரையைக் காட்டி ஒரே கேள்விதான்.

"இதுல கலரு வராதா டீச்சரம்மா?"

"வரும்ணா. வந்ததும் உங்களுக்குத்தான் மொதல்ல காட்டுவேன்."

அதற்குள் எனக்குக் கல்யாணமாகி சென்னைக்கு வந்துவிட்டேன்.

இப்போது என் மேஜையிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பெட்டி கறுப்பு. பேங்க், ஆபீஸ், எங்கே பார்த்தாலும் அதே கறுப்பு. திரையிலோ கோடிக்கணக்கில் கலர்... அவர் கலக்கிப் பார்க்காத கலரெல்லாம் வருகிறது.

அண்ணனுக்கு மட்டும் நான் இன்னும் காட்டவில்லை.