ரோட்டு வளைவையும் சேர்த்து எடுத்த படம்

மூன்று வருடங்களுக்கு முன், தவக்காலம் தொடங்கிய வாரம். மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. பழைய கேமரா ஒன்றை வாங்கி, பறக்கிற பறவைகளைப் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்திருந்த சமயம் அது.

எங்கள் எஸ்டேட் ஓரத்துக் காட்டு மரத்தில் வருடா வருடம் இருவாச்சிப் பறவை கூடு வைக்கும். பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். குஞ்சு ஓரளவு வளரும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து, சின்னச் சந்து வழியாக ஊட்ட வேண்டும். அந்த மாதங்களில் கொழுந்தெடுக்கும் பெண்கள் மரத்தடித் தேயிலை நிரைகளைக் கடைசியில்தான் தொடுவார்கள், அதுவும் சத்தமில்லாமல். இலை முற்றிப்போனாலும் கங்காணி கண்டுகொள்ள மாட்டார்.

நான் ரோட்டில் நின்றே எடுத்தேன். முதல் பத்து நாளும் வெறும் வால், இல்லாவிட்டால் றெக்கை நுனி. பறவை போகிற பக்கம் இடம் விட்டு எடுக்க வேண்டும் என்பதே தாமதமாகத்தான் உறைத்தது. கடைசியில் ஒன்று அமைந்தது. மேலே விரித்த றெக்கை, கீழே ரோட்டு வளைவு, வளைவில் மஞ்சள் பெயின்ட் அடித்த குருசடி, அதாவது சின்னச் சிலுவைக் கோயில். பார்க்கிறவர் கண் வளைவு வழியாகவே பறவைக்கு ஏறும். ஃபேஸ்புக்கில் போட்டேன். வந்து குவிந்த பாராட்டில் தலைகால் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை போனால், குருசடி பக்கத்தில் ஒரு ஜீப். மரத்துக்கு நேர் கீழே, நிரைக்குள் நாலு பேர் பீரங்கி மாதிரி லென்ஸோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஸ்பீக்கரில் இருவாச்சிக் குரலைப் போட்டுக்கொண்டிருந்தார். ஆண் பறவை தொலைவில் ஒரு கிளையில் வந்து உட்காரும், மரத்தைப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். விடிந்ததிலிருந்து இதே கதை என்று ஜீப் டிரைவர் சொன்னார். உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி.

"எந்திரிச்சுப் போங்க சார்" என்று கத்தினேன். ஸ்பீக்கர்காரர் அசையவில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்ச இடம்தானே?" என்று செல்போனை நீட்டினார். என் படம். வளைவையும் குருசடியையும் வைத்தே கண்டுபிடித்தார்களாம்.

அதற்குள் சத்தம் கேட்டுக் கொழுந்துக்காரப் பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்த அக்கா என் பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரர். "ஏய்யா, உம்ம வீட்டுல பிள்ள பெத்தவ கிடக்கையில நாலு ஆம்பளைங்க வாசல்ல குத்தவச்சா, நீரு சோத்தக் கொண்டுக்கிட்டு உள்ள போவீரா?" என்றார். அந்த அக்கா செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து லென்ஸுக்கு முன்னால் விரித்துப் பிடித்தார். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். சாக்கை எவ்வளவு நேரம் படம் எடுப்பது? முணுமுணுத்தபடி நாலு பேரும் ஜீப்பில் ஏறினார்கள்.

நாங்களும் ரோட்டுக்கு விலகி நின்றோம். உச்சி வேளையில்தான் ஆண் பறவை வந்து ஊட்டியது. கேமராவைப் பையிலிருந்து எடுக்க எனக்குக் கை வரவில்லை.

"எவனோ படத்தப் போட்டு ஊருக்கே வழி காட்டிட்டான், பாவிப்பய" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். "நீயுந்தான் கேமரா வச்சிருக்க. ஒரு நாளாச்சும் அதுக்குத் தொந்தரவு குடுத்திருப்பியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அது பொய் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்றே படத்தை அழித்தேன். அதற்குள் எத்தனை பேர் எடுத்து எங்கெங்கு போட்டார்களோ, அதன் பிறகும் ஜீப்புகள் வந்தன. அடுத்த வருடம் பொந்து வெறுமையாகக் கிடந்தது. அந்த நாலு பேர் மேல் எனக்குக் கோபம் ஆறவே இல்லை. ஆனால் படத்தைப் போட்டு அவர்களைக் கூட்டிவந்தவன் மேல் வருகிற கோபம் அதைவிடப் பெரிது. இப்போது கேமராவில் கண் வைத்தால், படத்தில் எது வரக் கூடாது என்றுதான் முதலில் பார்க்கிறேன். அந்த அக்கா எதிரில் வந்தால் மட்டும் எங்கே பார்ப்பதென்று இன்றுவரை தெரியவில்லை.