உதட்டில் படாத தம்ளர்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் என் மனைவியின் கட்டிலுக்கு மேல் 'வாய்வழி எதுவும் தரக்கூடாது' என்று ஓர் அட்டை தொங்கியது. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்திருந்தது. விழுங்கும் சோதனை முடியும்வரை சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. தேறினால் கஞ்சி கொடுக்கலாம். தேறாவிட்டால் மூக்கில் குழாய். பக்கத்துக் கட்டில்காரிக்குக் குழாய் போட்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"எனக்கு அது வேணாம்" என்று குழறிக் குழறிச் சொன்னாள்.

தலையாட்டினேன். மனதில் எதுவும் ஓடவில்லை. கூரையில் மின்விசிறிகளை எண்ணினேன். ஆறு, சுற்றியவை நான்கு.

பாபநாசத்திலிருந்து வந்திருந்த அவள் தங்கைக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், ஃபேன் எங்கயும் ஓடிப் போயிடாது. அந்த சிஸ்டரைக் கூப்பிடுங்க. அக்காவுக்கு நாக்கு வறண்டு கெடக்கு."

நர்ஸ் வந்தாள். மனைவியை நிமிர்த்தி உட்கார வைத்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள், இருமச் சொன்னாள். தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். மூன்று ஸ்பூன். மூன்று முறையும் தொண்டை ஏறி இறங்கியது.

"ஆ சொல்லுங்கம்மா."

சொன்னாள். குரலில் தண்ணீர் தேங்கிய கரகரப்பு இல்லை.

"நல்லாருக்கு. இப்ப தம்ளர்ல நீங்களே குடிங்க."

இடது கையில் வாங்கிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எந்தப் பாத்திரத்தையும் எச்சில் செய்து நான் பார்த்ததில்லை. சொந்த வீட்டிலும் அண்ணாந்துதான் குடிப்பாள். இப்போதும் கழுத்து தானாகப் பின்னால் சாய்ந்தது. தம்ளர் உதட்டுக்கு மேலே போனது.

"அம்மா, குனிங்க, குனிங்க!" நர்ஸ் கையைப் பிடிப்பதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. இருமல் நிற்கவே இல்லை. நின்றபின் 'ஆ' சொல்லச் சொன்னபோது, தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் கேட்டது.

"வாய் வச்சுக் குடிக்கணும்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன, சிஸ்டர்?" என்றாள் தங்கை.

"இப்படிக் குடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா."

"நாலுல மூணு சரியாப் போச்சே" என்றேன் நான்.

"ஐயா, இது மார்க் இல்ல. நுரையீரலுக்குள்ள போனா சளிக் காய்ச்சல் வந்து படுத்துடுவாங்க. நாளைக்கு மறுபடி பார்க்கலாம். மாத்திரை உள்ள போகணும், அதுவரைக்கும் குழாய்தான்."

டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து குழாயை மூக்கில் நுழைத்தாள். "தாடையை நெஞ்சோட ஒட்டி வச்சு விழுங்குங்கம்மா" என்றாள். மனைவி சொன்னபடியே குனிந்து விழுங்கினாள். குழாய் தடையில்லாமல் இறங்கியது. என்னை அவள் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது நனைந்திருந்தது என்பது மட்டும் தெரிந்தது.