ஜிப் வைத்த நைட்டி நான்கு

தளவாய்புரத்தில் எடுத்த நைட்டிகளைப் பையில் அடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் எனக்கு எந்த வீட்டுக் கதவும் திறக்கும். நைட்டி விற்பது என் பிழைப்பு இல்லை. ராஜபாளையத்தில் ஒரு மாடி அறையில் கல்யாண விசாரணை ஆபீஸ் நடத்துகிறவரிடம் எனக்கு வேலை. போலீஸ் உளவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்தப் பழைய வார்த்தைகளை விடவே மாட்டார். நைட்டிப் பை என் ‘கவர்’. கல்யாணப் பெண் ‘டார்கெட்’. வாயைத் திறக்கும் பக்கத்து வீட்டுக்காரி ‘சோர்ஸ்’. பெண்ணுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டு வருவதற்கு இத்தனை பந்தாவா என்று எனக்குச் சிரிப்பு வரும். அவர் விதி இரண்டு. ஒரே சேதி இரண்டு வாயில் இருந்து வரவேண்டும். ஒரே வீட்டுக்கு இரண்டாம் முறை போகக்கூடாது.

இரண்டையும் நான் ஒரே வீட்டில் மீறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா இல்லாத பெண், மில் ஆபீசில் வேலை. மாப்பிள்ளை ராணுவம். விசாரிக்கச் சொன்னது அவன் அம்மா. பூ வைக்க நாள் குறித்தாயிற்று. நான் போனபோது பெண் ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிருந்தாள். அவள் அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருக்க, பக்கத்து வீட்டுக்காரி தலை வாரி விட்டுக்கொண்டிருந்தார். ஏழு கழுதை வயசாகியும் தன் தலையைத் தானே வார முடியாதாக்கும் என்று மனதுக்குள் திட்டினேன்.

“முன்னால ஜிப் வச்சது இருக்கா?” என்று கேட்டார் அம்மா.

“பால் குடுக்கறவங்க போடுறதாக்கா?”

“அதேதான். நாலு குடு.”

“யாருக்குக்கா?”

“வீட்டுக்குத்தாம்மா.”

அந்த வீட்டில் கைக்குழந்தை கிடையாது. என் காது விடைத்துக்கொண்டது. பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி பின்னாலேயே போனேன்.

“தங்கமான குடும்பம்” என்றார் அவர். “போன வருசம் ஆறு மாசம் ஆத்தாளும் மகளும் மதுரையில இருந்தாக. அதத் தவிர இந்தத் தெருவ விட்டு எங்கயும் போனதில்ல.”

“மதுரையில என்னக்கா?”

“சொந்தக்காரவுக வீட்டுல” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறு மாதம் வெளியூர், குழந்தை இல்லாத வீட்டில் பாலூட்டும் நைட்டி நான்கு. ரிப்போர்ட்டில் இவ்வளவுதான் எழுதினேன். “ரெண்டாவது வாய்?” என்று சார் கேட்டார். “விசாரிச்சாச்சு சார்” என்றேன். விசாரிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அவ்வளவு கெத்து. மீதிக் கதையை மாப்பிள்ளையின் அம்மா தானே கட்டிக்கொண்டார். கல்யாணம் நின்றது.

மூன்று வாரம் கழித்து அடுத்த தெருவில் வேறு வேலை. அந்த அம்மா என்னைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டார். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனேன். கதவைச் சாத்திவிட்டு நைட்டி ஜிப்பை இறக்கிக் காட்டினார். இடது பக்கம் மார்பு இல்லை. அக்குள் வரைக்கும் தழும்பு ஓடியது.

“இந்தக் கைய மேல தூக்க ஏலாது, தாயி. தலைவழியா துணி மாட்ட முடியல. அதுக்குத்தான் ஜிப்பு. மதுரையில ஆறு மாசம் இதுக்குத்தான் வைத்தியம். தெரிஞ்சா, ஆத்தாளுக்கு வந்தது மகளுக்கும் வரும்னு பொண்ண எடுக்க மாட்டாகன்னு மறைச்சோம். இப்ப எம் மக புள்ள பெத்தவன்னு எவளோ சொல்லியிருக்கா. நீ வீடு வீடாப் போறவ. யாருன்னு விசாரிச்சுச் சொல்லு.”

அவர் கண் என் பையிலேயே நின்றது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் நான்தான் என்று கண்டுபிடித்துவிடுவார். சோர்ஸை எரிப்பது என்று சார் ஒன்று சொல்வார். தான் தப்பிக்க, தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுத்துவிடுவது.

“மதுரையில ஆறு மாசம் இருந்தீகன்னு பக்கத்து வீட்டக்கா எங்கிட்டயே சொன்னாகளேக்கா” என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வியாதியைக் கடைசி வரை மறைத்துக் காப்பாற்றியவர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திதான். அவரைத்தான் எரித்தேன். அந்த அம்மா ஜிப்பை ஏற்றிக்கொண்டு, “அவளா” என்று மட்டும் கேட்டார்.

சில மாதம் கழித்து அதே தெருவில் இன்னொரு விசாரணை வந்தது. மகள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாளாம். பக்கத்து வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை. அந்த அம்மாவின் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. வலது கையில் சீப்பை நீட்டினார்.

“நீயாச்சும் வந்தியே. செத்த நேரம் சிக்கெடுத்து விடு, தாயி.”

உட்கார்ந்து சிக்கெடுத்தேன். சீ, நானும் ஒரு பொம்பளையா என்று இருந்தது. ஆனால் வந்த வேலை பாக்கி இருந்தது.

“அந்த மூலை வீட்டு டீச்சர் பொண்ணு எப்படிக்கா?” என்று கேட்டேன்.

என்னை விட்டால் அவருக்குப் பேச ஆளில்லை. தலையை என் கையில் கொடுத்துவிட்டு, தெரிந்ததை எல்லாம் சொன்னார்.