மிக்கேலம்மாளின் தண்ணி முறை

கம்பைநல்லூர்ப் பக்கம் எங்க சேரியில இருந்து காலேஜுக்குப் போன முதல் பொம்பளை எங்க அக்கா மிக்கேலம்மாள். 1967-ல பியூசி. சேலத்துல ஒரு பெண்கள் காலேஜ், ஹாஸ்டலோட. அது வாயால சொன்னதைத்தான் எழுதுறேன். ஜோடிச்சு எழுத, அஞ்சாவதோட நின்ன எனக்குத் தெரியாது.

ஹாஸ்டல்ல தினம் ஒரு பொண்ணு கிணத்துல தண்ணி சேந்தி, சாப்பாட்டுக் கூடத்துக் குடிதண்ணிப் பானையை ரொப்பணும். அக்கா முறை வந்தது. குடத்தைக் கொண்டுபோயி கிணத்துக்குத் தள்ளியே வச்சுட்டு நின்னுச்சு. நின்னுக்கிட்டே இருந்துச்சு.

எங்க ஊருல அப்படித்தான். கயித்தை நாங்க தொடக்கூடாது. ஊர்க்காரங்க யாராச்சும் சேந்தி, எட்ட நின்னு எங்க குடத்துல ஊத்துவாங்க. ஒரே மாதா கோயில்ல ஒரே பூசைக்கு முழங்கால் போடறவங்கதான், கிணத்தடியில மட்டும் அப்படி. பொறந்ததுல இருந்து பழகின காலு, தானா நின்னு போச்சு.

பல்லு விளக்க வந்த பொண்ணுங்களுக்கு அந்த நிலையைப் பாத்ததும் ஆளு எந்தத் தெருன்னு புரிஞ்சு போச்சு.

"ஏண்டி, உங்க பண்ணைக்காரரு வந்து ஊத்துவாருன்னா நிக்கிறே?" ன்னா ஒருத்தி. பென்னாகரத்துக் குடியானவங்க வூட்டுப் பொண்ணு, கோவிந்தம்மாள். எல்லாரும் சிரிச்சாங்க.

அக்காவுக்கு அப்பத்தான் சுருக்குன்னுச்சு. ஓடிப்போயி கயித்தைப் புடிச்சு இழுத்துப் பானையை ரொப்புச்சு. அன்னைக்கு ஒருத்தியும் அதுல மொண்டு குடிக்கலை. சாயங்காலம் யாரோ கவுத்துட்டாங்க.

வார்டன் சிஸ்டர் நல்லவங்கதான். "இனிமே உனக்குத் தண்ணி முறை வேணாம்மா. அந்த நேரத்துல படி" ன்னாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை அவிச்ச கடலையோட நான் பாக்கப் போனேன். "வூட்டுக்கே வந்துடறேன்டா சவரி" ன்னு அழுதுச்சு.

"வேலை மிச்சம்தானே, இதுக்கு எதுக்கு அழுவுறே?" ன்னேன்.

அக்கா மொறைச்சுது. "மிச்சமாடா? முறையில நான் இல்லைன்னா இந்த ஹாஸ்டல்லயே நான் இல்லைடா, மடையா!"

சொன்ன வேகத்துல அழுகை நின்னு போச்சு. கடலையைப் புடுங்கிக்கிட்டு நேரா சிஸ்டர்கிட்டப் போச்சு. "என் முறை எனக்கு வேணுங்க, சிஸ்டர்."

"மறுபடியும் கொட்டுவாங்களேம்மா."

"கொட்டட்டுங்க. மறுபடியும் சேந்தறேன்."

அடுத்த முறை அன்னைக்கு விடிஞ்சதும் பானை தளும்புச்சு. அக்கா முதல் ஆளா மொண்டு குடிச்சுட்டு, பக்கத்துலயே உக்காந்து படிச்சுது. வந்தவங்க பாத்துட்டுப் போனாங்க. மத்தியானத்துக்கு மேல கோவிந்தம்மாள் பந்து விளையாடிட்டு வேர்த்து ஊத்த வந்துச்சு. பானையைப் பாத்துது, அக்காவைப் பாத்துது.

"கொட்டிட்டா என்ன பண்ணுவே?"

"திரும்பச் சேந்துவேன்."

"அதையும் கொட்டிட்டா?"

"கிணத்துல தண்ணி இருக்கில்ல?"

"அடி ஆத்தே, உன்கிட்ட யாரு மல்லுக்கட்டறது!" ன்னு ஒரு சொம்பு மொண்டு கடகடன்னு குடிச்சுது. இன்னொரு சொம்பும் குடிச்சுது. வாயைத் தொடச்சுக்கிட்டு, "கையி ஏன் இப்படிக் கன்னிப் போயிருக்குது? கயித்தை வெடுக்குன்னு இழுக்கக் கூடாதுடி. வா, காட்டறேன்" ன்னு கூட்டிட்டுப் போச்சு.

அதுக்கப்புறம் எல்லாரும் குடிச்சாங்கன்னு எழுதினா அது பொய். நாலஞ்சு பேரு குடிச்சாங்க. சிலரு கடைசி வரைக்கும் குடிக்கலை. ஆனா பானையைக் கவுக்கிறது நின்னு போச்சு. அக்கா ஒரு முறையும் விடலை, படிப்பையும் விடலை.

எழுபத்தி நாலுல மாரண்டஹள்ளிப் பக்கம் டீச்சர் வேலை கிடைச்சுது. அங்கயும் பானைக்கு முறை வச்சுது. எந்தத் தெருப் புள்ளைன்னு கேக்காது. யாரா இருந்தாலும் முதல் முறை அன்னைக்குத் தானே கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி, கயித்தைக் கையில குடுத்துடும்.