யாருக்கும் கொடுக்காத நூற்றைம்பது ஜிபி

லினக்ஸ் இன்ஸ்டால் செய்யும்போது ஒரு திரை வரும். டிஸ்க்கை எப்படிப் பிரிக்கலாம் என்று அதுவே ஒரு வழி சொல்லும். கும்மிடிப்பூண்டி வார்ப்படத் தொழிற்சாலையில் என்னை நம்பிக் கொடுத்த முதல் சர்வரில், அதைப் படிக்காமலே ‘நெக்ஸ்ட்’ அமுக்கினேன். மொத்த டிஸ்க்கும் தடுப்பில்லாத ஒரே பார்ட்டிஷன். ஸ்டோர்ஸ்காரர்கள் சரக்கு போட்டோக்களைப் போட்டு நிரப்பினார்கள். அதே சர்வரை நம்பி ஓடிய கேட் எடைமேடையும் சேர்ந்து படுத்துவிட்டது. லாரி வரிசை ஹைவே வரை நின்றது.

மேனேஜர் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். “மறுபடி லாரி நின்னுச்சுன்னா, நீ பழையபடி கேட் பாஸ் டைப் பண்ணப் போவ வேண்டியதுதாம்மா” என்றார். அந்த நாற்காலியிலிருந்து தப்பி வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்த முறை டிபார்ட்மெண்டுக்கு ஒரு பார்ட்டிஷன் என்றேன். அவ்வளவுதான், சண்டை ஆரம்பித்தது. ஜிபி என்றால் என்னவென்று தெரியாதவர்கள்கூடப் பக்கத்து டிபார்ட்மெண்டைவிட ஒரு ஜிபி குறையக் கூடாது என்றார்கள். ஆளுக்கு நூறு கொடுத்து வாயை அடைத்தேன். பிறகு கூட்டிக்கொள்ள வசதியாக எல்விஎம் முறையில் போட்டு, நூற்றைம்பது ஜிபியைச் சும்மா விட்டுவைத்தேன்.

ஸ்டோர்ஸ் எத்திராஜ் விடவில்லை. “இன்னா மேடம், அவ்ளோ எடத்தையும் பொறம்போக்கா வெச்சிக்கினு கீறீங்க. பங்கு போட்டு குட்த்துருங்க” என்று தினமும் நாஷ்டா நேரத்தில் வந்து நின்றார். நான் அசையவில்லை. அவர் அதைத் தைரியம் என்று நினைத்தார், வெறும் பயம்தான்.

ஒரு நாள் காலை எடைமேடையிலிருந்து போன். புதிதாக வைத்த கேமரா லாரிகளைப் பெரிய பெரிய படமாக எடுத்துத் தள்ளி, கேட்டின் நூறையும் நிரப்பிவிட்டது. எடைச் சீட்டு வரவில்லை. ஏழு லாரி நிற்கிறது. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். ஒரே ஒரு வரி டைப் செய்து, சும்மா விட்டுவைத்ததிலிருந்து கேட்டுக்கு முப்பது ஜிபி சேர்த்தேன். சர்வரை நிறுத்தவே இல்லை. போனில் பிரிண்டர் கரகரவென்று ஓடும் சத்தம் கேட்டது.

எழுந்து கேட்டுக்கே ஓடினேன். ஏழு லாரியும் எடைபோட்டுப் போகும்வரை தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். ஒரு டிரைவர் பயந்துபோய் ஹாரன் அடித்தார். அவருக்குக் கையும் காட்டினேன்.

திரும்பி வந்தால் என் மேஜையருகே எத்திராஜ். ஸ்டோர்ஸும் நிரம்பினால் மிச்சம் இருக்கிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நூற்றிருபது இருக்கிறது என்றேன்.

“அத்த மட்டும் எவனுக்கும் பங்கு போட்டுறாதீங்க மேடம்.”

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், அந்தத் திரையில் கொஞ்சம் இடத்தை யாருக்கும் எழுதிவைக்காமல் விடுங்கள் என்று சொல்கிறேன். ஏன் என்று கேட்டால் ஸ்டோர்ஸுக்கு அனுப்பிவிடுவேன். எத்திராஜ் என்னைவிட நன்றாக விளக்குகிறார்.