தற்செயலாக ஒரு பெண் பார்த்தல்

எங்கள் ஊர் வழக்கப்படி பெண் பார்ப்பது கோயிலில், அதுவும் தற்செயலாகச் சந்தித்ததுபோல நடக்கவேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் அதற்குத் தோதான கோயில் இல்லை. ஆகவே அம்மா ஒன் ட்ரீ ஹில் குன்றைத் தேர்ந்தெடுத்தார். பழைய காலத்தில் இந்நாட்டு ஆதிகுடிகளான மாவோரி மக்கள் சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டி, வீடு கட்டி வாழ்ந்த ஊர் அது. அவர்கள் அங்கிருந்து பெயர்ந்து நூற்றாண்டுகளாகிவிட்டன. தட்டுகளில் புல்லும், கீழே செம்மறி ஆடுகளும்தான் இருந்தன.

வேண்டாம் என்று சொல்லும் முடிவோடுதான் நான் காரில் ஏறினேன். அதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் என் சம்பளத்தையும் சமையலையும்தான் விசாரித்தார்கள். அம்மாவுக்கோ இரவுக்குள் பதில் வேண்டும்.

உச்சியில் மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாக எதிர்ப்பட்டார்கள். "அட, நீங்களும் வந்திருக்கிறியளோ!" என்று அம்மா வியந்த வியப்பை மேடையில் ஏற்றியிருக்கலாம். இரண்டு வீட்டார் கையிலும் ஒரு கல்யாணத்துக்குக் காணும் பலகாரம். பட்டுச்சேலை உடுத்தி யாராவது காலாற நடக்க வருவார்களா? காற்று என் முந்தானையைத் தூக்கி மாப்பிள்ளையின் தகப்பனார் முகத்தில் போர்த்தியது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளை கோலாலம்பூரில் வளர்ந்தவர், இப்போது ஆக்லாந்தின் மேற்கே ரானுயியில் வீடு. அவர் என்னிடம் எதையும் விசாரிக்கவில்லை. புல்லில் தெரிந்த பழங்காலப் பள்ளங்களைக் காட்டி, "இதுலதான் கிழங்கு சேத்து வச்சிருக்காங்க" என்றார், ஏதோ நேற்றுத்தான் எட்டிப் பார்த்தவர்போல.

அவர்கள் பலகாரம் கொண்டுவந்த வாழைப்பழ அட்டைப் பெட்டியைக் கண்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "உந்தப் பெட்டியைப் பிரிச்சால் சறுக்கலாம், என்ன?"

அவர் பலகாரத்தைப் பாயில் இறக்கிவிட்டு உடனே பெட்டியைப் பிரித்தார். நான் பக்கத்துத் தட்டின் விளிம்பிலேயே அட்டையைப் போட்டேன்.

"இங்க வேணாங்க. யார் வீட்டு வாசலோ."

எப்போதோ இருந்த வீட்டின் வாசலுக்குக் கூச்சப்படும் ஆளா? அப்போதுதான் அவரை ஒழுங்காகப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தார்.

தட்டுகளைத் தாண்டி ஆடு மேயும் சரிவுக்குப் போனோம். ஒரே அட்டையில் அவர் முன்னால், நான் பின்னால். மேலேயிருந்து அம்மா "பிள்ளை, சீலை!" என்று கத்தியது கேட்டது. பிறகு காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஆடுகள் நாலாபக்கமும் ஓடின. நான் கூவினேன், அவர் என்னைவிடப் பலமாகக் கூவினார். கடைசியில் அட்டை ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கமாக ஆட்டுப் புழுக்கைக்குள் உருண்டோம். வயிறு நோகச் சிரித்தேன். இந்த நாட்டுக்கு வந்தபின் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

"உண்மைய சொல்லிடறேன்," என்றார் மூச்சு வாங்க. "வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்."

"நானும் அதுக்குத்தான் வந்தனான்."

அவர் கால்சட்டை முழங்காலில் கிழிந்திருந்தது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் அட்டையைத் தேடி எடுத்துவந்தார். "இன்னொரு வாட்டி?"

"ஓம். இந்த முறை நான் முன்னுக்கு."

பொழுது சாயும்வரை ஏறினோம், சறுக்கினோம். வேண்டாம் என்று சொல்ல இருவருக்கும் நேரமே கிடைக்கவில்லை.