செசிலியா அம்மாள் கால் மடக்கிய கதை

முப்பதுகளின் தொடக்கத்தில், மலாய் நாட்டுக் கோத்தா திங்கியில் படகுத்துறைக்குப் போகிறவர்களைத் தோசை வாசனை ஒரு வீட்டு வாசலில் நிறுத்திவிடும். அது செசிலியா அம்மாளின் வீடு. புருஷன் ரோடு போடும் இலாகாவில் வேலை பார்த்துக் காலமானவர். ஒரே மகன் அமலநாதன் அதே இலாகாவில் கணக்கெழுதும் கிராணி. அவன் சம்பளத்தில் அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். ஆனால் உழைக்காமல் தின்றால் உடம்பில் ஒட்டாது என்பது அவள் கட்சி. ஐம்பது வயது, குட்டையான கெட்டி உடம்பு, அக்கரைக்குக் கேட்கும் குரல். கோபம் வந்தால் கரண்டிதான் பேசும்.

ஆற்றங்கரை மேட்டில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஆரோக்கிய மாதா கோயில் இருந்தது. மாதாவிடம் செசிலியாவுக்கு இருந்ததைப் பக்தி என்று மட்டும் சொன்னால் போதாது. அது ஒரு குடும்ப உறவு. கோபித்துக்கொள்வாள், பேரம் பேசுவாள், சில நாள் முகம் கொடுக்காமலும் இருப்பாள்.

ஓர் ஐப்பசியில் அமலநாதனுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஊருக்கு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். மகனுடைய கட்டிலைப் பிடித்துக்கொண்டு செசிலியா வாய்விட்டு வேண்டினாள்.

"என் பிள்ளையை எனக்கே குடுத்துடு தாயே. திருநாளன்னிக்கு வாசப்படியிலேருந்து உன் பீடம் வரைக்கும் முழந்தாள்லயே வர்றேன். தோலு கிழிஞ்சாலும் சரி, ரத்தம் வந்தாலும் சரி."

விடியற்காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. காய்ச்சல் எப்போது விட்டதென்று காய்ந்தவனுக்கே தெரியாது. அவன் வாயைத் திறந்துபோட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். செசிலியா அழுதாள், பிறகு கஞ்சி வைக்கப் போனாள்.

திருநாள் வருவது அடுத்த செப்டம்பரில். அதற்குள் மார்கழியில் ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது. வெள்ளத்தில் அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றப் போய்ச் செசிலியா சேற்றில் வழுக்கி விழுந்தாள். வலது முழங்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. ஜோகூர் பாரு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் படுக்க வைத்து, ஒருவழியாக அனுப்பினார்கள். எலும்பு கூடிவிட்டது. மடங்குவதைத்தான் கால் மறந்துபோயிருந்தது.

தரையில் உட்கார முடியவில்லை. தோசை அடுப்பை மேசைமேல் ஏற்றினாள். அதெல்லாம் போகட்டும். பூசையில் எல்லாரும் முழந்தாளிடும்போது இவள் மட்டும் கொடிமரம் மாதிரி நின்றாள். செப்டம்பரும் வந்து போனது. நேர்ந்த கடன் அப்படியே நின்றது.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. அமலநாதன் தும்மினால் அடுப்பை விட்டுவிட்டு வந்து நிற்பாள். அவன் சோற்றை மிச்சம் வைத்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவளிடம், கொடுத்த பிள்ளையை மாதா எதற்காக விட்டுவைக்க வேண்டும்? இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் தோசை ஊற்றும்போதும் துணி துவைக்கும்போதும் அது கூடவே இருந்தது.

"உனக்குப் பதிலா நான் முழந்தாள்ல போறேன்மா. எனக்காகத்தானே நேர்ந்தே?" என்றான் மகன்.

"நேர்ந்தது நான். நீ போனா அது உன் கணக்கு. வேலையைப் பாருடா."

மாதம் ஒருமுறை பூசை வைக்க வருகிற பிரெஞ்சுச் சாமியார், அந்த நேர்த்தியைச் செபமாலையாக மாற்றித் தருவதாகச் சொன்னார். அவருக்கு அந்த அதிகாரம் உண்டு. செசிலியா ஒப்பவில்லை.

"நான் சாமிகிட்ட நேரலையே சாமி, மாதாகிட்டல்ல நேர்ந்தேன்," என்றாள். சாமியார் தாடியைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

அவளிடம் தினமும் தோசை வாங்கியவர்களில் ஒரு சீன அம்மாள் உண்டு. பெயர் லியன் கூ. ஆற்றோரம் ரம்புத்தான் மரத்தடியில் சீனப் பெண்கள் சிலர் கல்யாணம் செய்துகொள்ளாமல், கறிமீன் தொடாமல், சேர்ந்து வாழ்ந்த ஒரு சைவ மடம் இருந்தது. அங்கே இருப்பவள். செசிலியாவைவிட இரண்டொரு வயது கூடவோ குறையவோ இருக்கலாம். பன்றிக்கொழுப்புப் படாத பலகாரம் அந்தக் கடைத்தெருவில் செசிலியாவிடம்தான் கிடைக்கும் என்று கண்டுபிடித்து வந்தவள். வெங்காயமும் அவர்களுக்கு ஆகாது. அதனால் லியன் கூவுக்கென்று வெங்காயமில்லாத சட்னி தனிக் கிண்ணத்தில் இருக்கும். இருவருக்கும் பொதுமொழி கடைத்தெருவில் எல்லாரும் பேசும் பஜார் மலாய்தான்.

ஒருநாள் லியன் கூ தோசையை வாங்கிக்கொண்டு போகாமல் நின்று, செசிலியா நடப்பதையே பார்த்தாள்.

"காக்கி தாக் சாகிட். தாக்குட்," என்றாள். காலுக்கு நோவு இல்லை, பயம் என்று அர்த்தம்.

செசிலியாவுக்குச் சுருக்கென்றது. "பயமா? எனக்கா? இந்த ஊர்ல யாரைப் பார்த்து நான் பயந்தேன்?"

"உனக்கு இல்ல. காலுக்கு. நாளைக்குக் காலைல மடத்துக்கு வா."

போகக் கூடாது என்றுதான் நினைத்தாள். மறுநாள் வியாபாரம் முடிந்ததும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. மடத்து முற்றத்தில் லியன் கூ மட்டும் நின்றுகொண்டு, காற்றில் யாரையோ மெதுவாகத் தள்ளிவிடுவதும் பிறகு அவரையே கூப்பிட்டு அணைப்பதுமாக இருந்தாள். தாய்ச்சி என்று இன்று நாம் சொல்கிறோமே, அதுதான். சிங்கப்பூர் மடத்தில் இருந்தபோது, சீனாவின் வடக்கிலிருந்து வந்த ஒரு துறவிப் பெண் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது.

"இது உங்க சாமி கும்பிடுறதா?" என்று செசிலியா வாசலிலேயே நின்று கேட்டாள். "அப்படின்னா நான் உள்ள வர மாட்டேன்."

"சாமி உள்ளே இருக்கு, மடத்துல. இங்க முற்றம். நீயும் நானும் மரமும்தான்."

முதல் பாடம் நிற்பது. செசிலியாவுக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா வரச்சொன்னாள்? கொஞ்ச நேரத்திலேயே தொடை நடுங்கியது. நின்றால் உடம்பின் பாரம் முழுவதையும் இடது காலிலேயே போடுகிறோம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வலது காலை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி வேலையே கொடுக்காமல் வைத்திருந்தாள். லியன் கூ அவள் இடுப்பில் கை வைத்து, பாரத்தை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தினாள். வலி வரும் என்று செசிலியா பல்லைக் கடித்தாள். வலி வருவதற்கு முன்பே லியன் கூ நிறுத்திவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளேன்," என்றாள் செசிலியா.

"ஜாங்கான் பக்ஸா. பலவந்தம் கூடாது. வலிச்சா கால் மறுபடி பயந்துக்கும். வலிக்கு முன்னாடி நில்லு. நாளைக்கு அந்த இடம் தள்ளிப் போயிருக்கும்."

பிறகு நடை வந்தது. பாதத்தை வைத்து, தரை தாங்குமா என்று பார்த்து, அப்புறம்தான் பாரத்தைக் கொடுக்க வேண்டும். கொக்கு சிறகு விரிப்பது என்று ஓர் அசைவு, மேகம் போலக் கையை விடுவது என்று ஓர் அசைவு. அந்தப் பெயர்கள் செசிலியாவுக்குச் சந்தேகமாக இருந்தன. ஆகவே அவளாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். அசைவுக்கு ஒன்றாக, மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தை மனதுக்குள் சொல்வது. மந்திரம் முடியும்வரை கை இறங்கக் கூடாது. மாதாவின் காதில் விழுகிறபடி செய்தால் தப்பு வராது என்று அவள் கணக்கு. லியன் கூவிடம் சொன்னாள். லியன் கூ கொஞ்சம் கவனித்துப் பார்த்துவிட்டு, "நல்லது. உனக்கு மூச்சு நீளமாச்சு. அதையே சொல்லு," என்றாள்.

எல்லாம் முடிந்து இருவரும் முக்காலியில் கண்ணை மூடி உட்காருவார்கள். தொப்புளுக்குக் கீழே மூச்சை இறக்கிவிட்டு, எதையும் பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். செசிலியாவின் மனம் உளுந்து ஊறியதா என்று பார்க்கப் போய்விடும். அதைப் பிடித்து இழுக்காதே, போய்விட்டு வரட்டும் என்பாள் லியன் கூ. அவர்கள் சாமிக்குப் பெயர் கிடையாதாம், உருவம் கிடையாதாம், வழி என்று மட்டும் சொல்வார்களாம். தண்ணீரைப் பார், எவ்வளவு இளக்கம், ஆனால் அதை எதிர்த்து எதுவும் நிற்காது என்று ஒருநாள் அவள் ஆற்றைக் காட்டினாள்.

"அந்தத் தண்ணிதான் என் காலை ஒடைச்சது," என்றாள் செசிலியா வெடுக்கென்று.

லியன் கூ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்போ உனக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல, வா, நில்லு."

பொறுமை செசிலியாவின் குணமில்லை. அடுத்த திருநாள் நெருங்க நெருங்க அவளுக்குப் பரபரப்பு ஏறியது. நோகாமல் எந்த நேர்த்தி நிறைவேறியிருக்கிறது? ஒரு பிற்பகல் கதவைச் சாத்திக்கொண்டு, காலை மடக்கி வைத்து, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். முழங்கால் பூசணிக்காயாக வீங்கிற்று. லியன் கூ வந்து பார்த்தாள். திட்டவில்லை. தோசை வாங்காமல் திரும்பிப் போனாள். பல நாள் வரவே இல்லை. வெங்காயமில்லாத சட்னி கிண்ணத்தில் புளித்தது. அந்தத் திருநாளும் போயிற்று. செசிலியா கொடிமரமாக நின்றுகொண்டு அழுதாள்.

கடைசியில் இவளே மடத்துக்கு நொண்டிக்கொண்டு போனாள். "இனிமே சொன்னபடி கேக்குறேன்," என்றாள். அவள் வாழ்நாளில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இதற்கிடையில் உபதேசியார் மரியநாதனுக்கு விஷயம் எட்டியது. சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்பவர், ஊரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவர். செசிலியா சீனக் கோயிலில் ஆடுகிறாள் என்று சாமியாரிடம் ஓதிவிட்டார். சாமியார் அவளைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அங்கே போய் யாரைக் கும்பிடுகிறாய்?"

"யாரையும் இல்ல சாமி. இங்க வந்து கும்பிடத்தான் அங்க காலைப் பழக்குறேன்."

சாமியார் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் மெழுகுவர்த்தி எடுக்கப் போய்விட்டார்.

மறுவருஷம் ஒருநாள் மாவாட்டிக் கொண்டிருந்தவள் உரலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பதை அமலநாதன் பார்த்தான். "அம்மா!" என்றான். அவள் குனிந்து பார்த்து, "அட, ஆமாம்டா," என்றாள். எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

செப்டம்பர் வந்தது. திருநாள் பூசை முடிந்ததும், ஊர்ச் சனம் பார்த்திருக்க, செசிலியா வாசற்படியில் முழந்தாளிட்டாள். கோயிலுக்குள் வரமாட்டேன் என்று சொன்ன லியன் கூ வெளியே வேலியோரம் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். செசிலியா புறப்பட்டாள். ஒரு முழங்காலை வைத்து, பலகை தாங்குமா என்று கேட்டு, பாரத்தைக் கொடுத்து, அடுத்ததைத் தூக்கினாள். அடிக்கு ஒரு மந்திரம். பாதி தூரத்தில் வலது கால் இறுகியது. அவள் நின்றாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அமலநாதன் ஓடிவந்து தோளைப் பிடித்தான்.

"விடுடா. அவசரமில்ல."

மூச்சைக் கீழே இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். கால் இளகியது. மறுபடி நகர்ந்தாள். பீடத்துப் படியைத் தொட்டு முத்தம் வைத்தபோது கோயிலில் பெண்கள் எல்லாம் அழுதுகொண்டிருந்தார்கள்.

செசிலியா அழவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. கூட்டம் கலைந்த பிறகும் பீடத்தடியிலேயே இருந்தாள். மகன் குனிந்து, "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டான்.

"இல்லடா. அதான்டா பயமா இருக்கு." சேலையை விலக்கிக் காட்டினாள். தோல் சிவந்திருந்தது, அவ்வளவுதான். "தோலு கிழிய, ரத்தம் வர வர்றேன்னு சொன்னேன். நான் என்னடான்னா, வலிக்காம நடக்கக் கத்துக்கிட்டு வந்து நடந்திருக்கேன். ஏமாத்தின மாதிரி ஆயிடுச்சே. இது கணக்குல சேருமா? நாளைக்கு அந்தச் செம்மண் ரோட்டுல, கல்லு மேல, இன்னொரு தடவை வரலாம்னு பாக்குறேன்."

அமலநாதன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"காய்ச்சல் என்னை விட்டுச்சே, அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. தூங்கினேன், முழிச்சேன், இல்ல. கொஞ்சம் கூட வலிக்காமத்தான் மாதா என்னை உன்கிட்டக் குடுத்தாங்க. அவங்க குடுத்ததை, வலிக்காம வந்துச்சேன்னு நீ திருப்பிக் குடுத்தியா?"

செசிலியா மகனை ஏற இறங்கப் பார்த்தாள். நறுக்கிய மீசை, எண்ணெய் வைத்த தலை, சற்றே வளர்ந்திருந்த தொப்பை. மெல்லக் கையை நீட்டி, பழக்கப்படி அவன் நெற்றியைத் தொட்டாள். பிறகு, தொட வேண்டிய அவசியமில்லை என்று தோன்றியதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வெளியே வேலியோரம் நின்ற லியன் கூவுக்குக் கேட்கும்படி, ஆற்றின் அக்கரைக்கே கேட்கும்படி, மடக்கிய காலின்மேல் உட்கார்ந்து அழுதாள்.